இமைச் சூடு

— பென்சில்ல கோடு போட்ட முட்டை இதுதானே?

— இதேதான் அக்கா. நீ பாத்துட்டுக் குடுத்தத அதே குழியில திரும்ப வெச்சு, குஞ்சு பொரிக்கற மிஷின் கதவ மூடினேன். நடுவுல யாரும் தொடல. நானும் இங்கேர்ந்து நகரல.

— அப்புறம் எப்படிடி? முட்டைத் தட்டு எண்ணப் போறதுக்கு முன்னாடி கண் இமையில வெச்சுப் பாக்கறேன், சில்லுன்னு இருக்கு. உள்ள இருக்கற குஞ்சுக்குக் குளிருமேன்னு மனசு அடிச்சுக்குது. எண்ணிட்டு வந்து அதே முட்டைய வெச்சுப் பாக்கறேன், சுடுது. பேய் பிடிச்சிருக்கறது முட்டைக்கா, மிஷினுக்கா?

— பேய்க்கு நான் ரிப்பேர் பாக்கறதில்ல. மிஷின்னா பாக்கலாம். குடு இங்க, நானும் கண்ண மூடி வெச்சுப் பாக்கறேன். ம்... இளஞ்சூடா இருக்கு. மொதல்ல நான் பாத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு.

— உன் இமைக்கு என்ன தெரியும்? நீ ஸ்பேனர் பிடிக்கறவ. நான் இந்த ஹேச்சரிக்குள்ள காலடி வெச்சப்ப நீ பள்ளிக்கூடத்துக்கு அழுதுக்கிட்டே போயிட்டிருந்தே.

— சரி, என் இமை மட்டமான இமையாவே இருக்கட்டும். தெர்மாமீட்டர் என்ன பாவம் பண்ணுச்சு? மேல் தட்டுல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு வெச்சிருக்கேன். மூணும் முப்பத்தேழரை டிகிரி, சரியான சூடுங்குது. மூணும் பேசி வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லுமா?

— தெர்மாமீட்டர் காத்தத்தான் பாக்கும். குஞ்சு வளர வளர முட்டையே தன்னால சூடு விட ஆரம்பிக்கும்டி. காத்து சரியா இருக்கும், முட்டை உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கும். அத இமைதான் சொல்லும். அன்னிக்கு தெர்மாமீட்டர் கெட்டுப் போய் எல்லாம் நல்லாருக்குன்னு காட்டிட்டே இருந்தப்ப, இமையில வெச்சுப் பாத்து அந்த ஈடு முட்டை முழுக்கக் காப்பாத்தினது யாரு? அதுக்கப்புறம்தானே முதலாளியம்மா சொன்னாங்க, 'சூட்டுத் திருகு இனிமே உன் கையில, நீ எவ்வளவு வெக்கறியோ அதான் சூடு'ன்னு.

— அத யாரு இல்லைன்னா? நீ சொல்றது சரிதான், காத்து வேற, முட்டை வேற. அதனாலதான் எனக்கு மண்டை குழம்புது. இதப் பாரேன், ஒவ்வொண்ணா வருவோம். சூடு தாறுமாறா இருக்குன்னா நாலு காரணம்தான். சூடு குடுக்கற கம்பி. அந்தச் சூட்ட எல்லாப் பக்கமும் தள்ளற ஃபேன். கதவு ரப்பர். இல்லன்னா, இவ்வளவு ஏறினா அணை, இவ்வளவு எறங்கினா போடுன்னு சொல்ற தெர்மோஸ்டாட். கம்பி நல்லாருக்கு. ஃபேன் ஒழுங்கா சுத்துது. ரப்பர் புதுசு. தெர்மோஸ்டாட்ட மாத்தினேன், மாத்தினதையும் மாத்தினேன். இனிமே மாத்தறதுக்கு மிச்சம் இருக்கறது வாசல்ல தொங்கற போர்டுதான்.

— அதத்தான் நான் சொல்றேன். மிஷின்ல கோளாறு இல்ல. கோளாறு நெட்டை கையில.

— நெட்டையா? அவ எங்க வந்தா இதுல?

— மதியம் என்கிட்டேர்ந்து ரூம வாங்கிக்கறவ அவதானே. நான் ஒரு எடத்துல திருக வெச்சுட்டுப் போறேன். காலையில வந்து பாத்தா அது அங்க இருக்கறதில்ல. நான் கூட்டி வெச்சா அவ குறைச்சிருக்கா, நான் குறைச்சு வெச்சா கூட்டியிருக்கா. அந்தக் குஞ்சுங்கள நீ பாத்திருந்தேன்னா தெரியும். போனதுக்கு முந்தின ஈடு அவசர அவசரமா முட்டை ஓட்ட ஒடச்சுக்கிட்டு வந்துச்சு, தொப்புள் மூடல. போன ஈடு வரவே மாட்டேன்னுச்சு, வந்ததுங்க வயிறு ஊதி, கால் பரப்பிக்கிட்டு, நிக்க முடியல. நான்தான்டி கையால ஒண்ணொண்ணா எடுத்துக் கழிவுக் கூடையில போட்டேன். இத்தன வருஷத்துல என் ரூம்லேர்ந்து அந்த மாதிரி கூடை வெளிய போனதில்ல.

— ஒண்ணு சீக்கிரம், ஒண்ணு லேட்டு. அப்போ ஒரு ஈட்டுக்குச் சூடு கூடிப் போச்சு, அடுத்ததுக்குக் குறைஞ்சு போச்சு. மிஷின் கெட்டா ஒரு பக்கமாத்தான் கெடும் அக்கா. இப்படி ரெண்டு பக்கமும் கெடாது.

— மனுஷங்க கெடுப்பாங்க. முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன்.

— என்னன்னு சொன்னே?

— அவ வேணும்னே திருகறா, என் எடத்துக்கு வரப் பாக்கறான்னு. அம்மா மொதல்ல நம்பல. பாவம், அந்தப் பொண்ணு வாயே தொறக்காதேன்னாங்க. வாய் தொறக்காதவதான் கை வெப்பான்னு சொன்னேன். சரி, நானே வந்து அவள வேலைய விட்டு நிறுத்திடறேன்னாங்க. இப்ப வந்துக்கிட்டிருக்காங்க.

— அதான் அவ வாசல் கேட்டுக்கிட்ட உக்காந்திருக்காளா? என்னைப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டா. நான் செருப்புல கல்லு ஏறிடுச்சு போலன்னு நெனச்சு, சிரிச்சுட்டு வேற வந்தேன்.

— உனக்கு யாரப் பாத்தாலும் சிரிப்புதான்.

— அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே.

— நீ அப்படி ஆரம்பிச்சாலே எனக்கு நெஞ்சுலேர்ந்து சூடு ஏறுது.

— திருகுல செவப்பா ஒரு நகப்பூச்சுக் கோடு இருக்கு பாரு. அது நான் போட்டது. புது தெர்மோஸ்டாட் மாட்டின அன்னிக்கு, இதான் சரியான எடம்னு அளந்து பாத்துப் போட்டேன். நீ கெளம்பிட்டே, அவதான் இருந்தா. 'இது எங்க நகந்திருந்தாலும் கோட்டுக்குக் கொண்டாந்துடும்மா'ன்னு அவகிட்ட சொன்னது நான்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?

— சொன்னேனே. போன்ல. நீ சரி சரி, நானும் பாத்துக்கறேன்னே.

— நானா? எப்போ?... இல்லடி. நீ சொல்லல. சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா?... சொன்னியா?

— சொன்னேன் அக்கா. பின்னாடி உன் வீட்டுல குக்கரோ ஏதோ விசில் அடிச்சுது. 'இரு, இத நிறுத்திட்டு வரேன்'னு போயிட்டு வந்து, 'நான் எதுக்குப் போனேன்'னு என்னையே கேட்டே. நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்.

— சிரிச்சது ஞாபகம் இருக்கு. கோடு ஞாபகம் இல்ல. என்னமோடி, இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் தங்க மாட்டேங்குது. பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு தல.

— அப்போ, அவ தினமும் செஞ்சது நான் சொன்னத. கோட்டுக்குக் கொண்டாறது. அப்போ கோட்ட விட்டு நகத்தறது யாரு?

— நான்தான். முட்டை சொல்றபடி நகத்தறேன். சில்லுன்னு இருந்தா கூட்டுவேன், சுட்டா குறைப்பேன். அது என் வேல. நீ என்ன, திருட்டுக் கேஸ் விசாரிக்கற மாதிரி... இந்த ரூம்ல ஏன் இப்படி வேகுது? ஃபேன நிறுத்திட்டியா?

— ஃபேன் மிஷினுக்குள்ள ஓடுது. ரூம் எப்பவும் போலத்தான் இருக்கு.

— இரு, தட்டு எண்ணிட்டு வந்துடறேன்.

— இப்பதானே எண்ணிட்டு வந்தே?

— வழி விடுடி.

— அக்கா, அந்தக் குளிர் ரூமுக்கும் நீதான் என்னை வரச் சொன்னே. மிஷின்ல ஏத்தற வரைக்கும் முட்டை அடுக்கி வெக்கற ரூம்தானே, அதுல கம்ப்ரசர் ஓயாம ஓடுது, கெட்டுப் போச்சோன்னு. பாத்துட்டேன். கம்ப்ரசர்ல ஒண்ணுமில்ல. யாரோ எப்பப் பாரு கதவத் தொறக்கறாங்க, குளிர் ஓடிப் போகுது, அது மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி குளிர வெக்குது. யாருன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.

— கைய விடு.

— உன் கை எப்படி ஈரமா இருக்கு பாரு. இந்தப் பக்கம் திரும்பு. அய்யோ, என்னக்கா இது? காது வரைக்கும் செவந்து கெடக்கு. கழுத்துல வேர்வை ஓடுது. காய்ச்சலா?

— காய்ச்சல் இல்ல. அந்த ரூம்ல கொஞ்ச நேரம் நின்னா போயிடும். விடேன், என்னால முடியல.

— போ, போ. நானும் வரேன். தட்டு எண்ண நான் ஒத்தாசை பண்றேன்.

— கிண்டல் பண்ணாதே. எண்ணத்தான் செய்வேன். முட்டை மேல கன்னத்த வெச்சுக்கிட்டே எண்ணுவேன்... அப்பாடா. கதவச் சாத்து. இப்பத்தான் உயிர் வருது.

— முட்டைய எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கறியே அக்கா. சாமி பிரசாதம் மாதிரி.

— நல்லாருக்கும்டி. நீ ஒத்திப் பாரு. இல்ல, வேண்டாம், உனக்கு எதுக்கு.

— எத்தன நாளா இப்படி?

— ரொம்ப நாளாச்சு. நெஞ்சுக்குக் கீழ எங்கேயோ அடுப்பு பத்திக்கற மாதிரி ஆரம்பிக்கும். மேல ஏறும். கழுத்து, காது, மூஞ்சி, உச்சந்தலை. யாரோ கொதிக்கற துணியப் பிழிஞ்சு மூஞ்சில போத்தின மாதிரி. அப்புறம் வேர்த்துக் கொட்டும், அப்புறம் ஒடம்பு வெடவெடன்னு நடுங்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். நானும் ஒண்ணும் நடக்கலன்னு திருகப் பிடிச்சுத் திருகிட்டு உக்காந்துடுவேன். மொதல்ல இந்த ரூம் சூடுதான்னு நெனச்சேன். தொப்பி, ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு இருக்கோமேன்னு. அப்புறம் வீட்டுலயும் வந்துச்சு. படுக்கை நனைஞ்சு போகுது. தலகாணியத் திருப்பித் திருப்பிப் போட்டே விடிஞ்சுடுது.

— மாமாகிட்ட சொல்லலியா?

— சொன்னா ஃபேனப் போடும்பாரு. அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

— ஏன் யார்கிட்டயும் சொல்லல?

— என்னன்னு சொல்ல? எனக்கே புரியல. உள்ள ஏதோ பெரிய வியாதி, பேரு தெரிஞ்சா அது நெஜமாயிடும்னு ஒரு பயம். இதுல நீ வேற மிஷின் கெடல, மிஷின் கெடலங்கறே. எனக்கு மிஷின் கெட்டிருக்கணும்டி. புரியுதா?

— அண்ணிக்குப் போன் போடறேன்.

— எதுக்கு ஊரக் கூட்டறே?

— அண்ணன் பொண்டாட்டி ஊரா? பாதி வாழ்க்கைய ஆஸ்பத்திரியில நர்ஸா கழிச்சவங்க. நம்மகிட்ட இல்லாத பதில் அவங்ககிட்ட இருக்கும். ஸ்பீக்கர்ல போடறேன், நீ பேசாம இருந்தாலும் பரவால்ல. அண்ணி? சின்னவ பேசறேன். வேலையா இருக்கீங்களா?

— இப்பத்தான் ஒருத்தருக்கு ஊசி போட்டுட்டுக் கை கழுவினேன். ஊசிய விட அவர் போட்ட சத்தம் பெருசு. சொல்லு சின்னவளே, என்ன ஆச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏன் எதிரொலிக்குது, கிணத்துக்குள்ள விழுந்துட்டியா?

— குளிர் ரூமுக்குள்ள நிக்கறோம் அண்ணி. அக்காவும் நானும்.

— ரெண்டு பேருமா? எதுக்கு? முட்டையோட முட்டையா அடுக்கி வெச்சுட்டாங்களா?

— அக்காவுக்குத் திடீர் திடீர்னு மூஞ்சி செவந்து, சூடு ஏறி, வேர்த்துக் கொட்டி, நடுங்குதாம். காய்ச்சல் இல்ல. தூக்கம் இல்ல. ஞாபகம் தங்க மாட்டேங்குதாம்.

— பெரியவளே, கேக்கறியா? மாசாமாசம் ஒழுங்கா வருதா?

— அண்ணி, இது ஸ்பீக்கர்.

— அங்க உங்கள விட்டா முட்டைதானே இருக்கு. அதுங்க வெளிய சொல்லாது. சொல்லு.

— விட்டு விட்டு வருது. நின்னு போச்சுன்னு நெனச்சா வருது. வந்துடுச்சுன்னு நெனச்சா காணாம போகுது.

— அவ்வளவுதான். மாதவிடாய் நிக்கப் போற காலம். இதுக்கா குளிர் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டே?

— எனக்கா? எனக்கு என்ன அப்படி வயசாயிடுச்சு?

— அத உன் உடம்புகிட்டக் கேளு, என்கிட்டக் கேட்டா? எனக்கும்தான் வந்துச்சு. ஃபேன் ரெகுலேட்டருக்காக உங்க அண்ணன் கூட நான் போட்ட சண்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க பஞ்சாயத்துக்கு வந்தாங்க. நான் கூட்டுவேன், அவர் குறைப்பார், மறுபடி நான் குறைப்பேன், அவர் முழிப்பார். கடைசியில அவர் ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டார். ஊருக்கெல்லாம் சொல்ற நர்ஸ்தான், ஆனா எனக்கு வந்தப்ப எனக்கே உடனே தெரியல. முழிக்காதே, வியாதி இல்ல. ஆனா பொறுத்துக்கிட்டே கெடக்கணும்னும் இல்ல.

— அண்ணி, அது எப்படி நடக்குது? அதாவது, சூடு எங்கேர்ந்து வருது?

— இவளுக்கு எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும். மூளைக்கு அடியில ஒரு எடம் இருக்கு சின்னவளே, உடம்பு சூட்டக் கவனிக்கறதுக்குன்னே. பொண்ணுங்க உடம்புல சொரக்கற ஒரு ஹார்மோன் குறையறப்ப அந்த எடம் தடுமாறும். முன்னல்லாம் உடம்பு கொஞ்சம் சூடானா கண்டுக்காது, கொஞ்சம் குளிர்ந்தா கண்டுக்காது. இப்ப இத்துனூண்டு ஏறினாலும், தீப்பிடிச்ச மாதிரி மணி அடிச்சுடும்.

— தெர்மோஸ்டாட். அண்ணி, அப்படியே தெர்மோஸ்டாட்தான் இது. இதப் பாரேன் அக்கா, நல்ல தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு பொறுமை இருக்கும். அணைக்கற சூட்டுக்கும் போடற சூட்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ள சூடு எங்க இருந்தாலும் அது சும்மா இருக்கும். இடைவெளி குறுகிப் போச்சுன்னா பொறுமை போயிடும். போடும், அணைக்கும், போடும், அணைக்கும். வெளிய இருக்கற சூடு மாறியே இருக்காது.

— நீ சொல்றது எங்க டாக்டர் சொல்றத விட நல்லா புரியுது. மணி அடிச்சதும் உடம்பு என்ன பண்ணும்? உள் சூட்ட வெளிய கொட்டப் பாக்கும். தோலுக்கு அடியில இருக்கற ரத்தக் குழாயெல்லாம் தொறக்கும், ரத்தம் மூஞ்சிக்கு ஓடி வரும், அதான் செவப்பு, அதான் தோல் சுடறது. அப்புறம் வேர்வையையும் தொறந்து விடும். வேர்வை காயறப்ப தேவைக்கு மேல குளிர்ந்துடும், அதான் நடுக்கம்.

— இருங்க அண்ணி. மூஞ்சித் தோல் சுடுமா? நெஜமாவே சூடாகுமா, இல்ல சூடாகற மாதிரி தோணுமா?

— தொட்டுப் பாத்தா தெரியும், நெஜமாவே சுடும்.

— இமை?

— இமை என்ன, ரப்பரா? அதுவும் தோல்தான். ஏன்?

— அக்கா. வா. கையில இருக்கற முட்டையோட மிஷின் ரூமுக்கு வா. அண்ணி, வெச்சுடாதீங்க, லைன்லயே இருங்க. அக்கா, இந்தக் கையில குளிர் ரூம் முட்டைய வெச்சுக்கோ. இன்னொரு கைய, முட்டைய வெளிச்சத்துல பாக்கற இந்த பல்புக்கிட்டக் காட்டு. தொடாதே, காட்டு. அப்படியே நில்லு.

— என்னடி வித்தை காட்டறே?

— நில்லேன். இன்னும் கொஞ்சம்... போதும். இப்ப குளிர் முட்டையக் கீழ வெச்சுடு. மிஷின்லேர்ந்து இத எடுத்தேன், பாத்துக்கோ. ரெண்டு கையாலயும் பொத்திப் பிடி. கண்ண மூடிக்கோ. எப்படி இருக்கு?

— குளிர் முட்டை வெச்சிருந்த கைக்குச் சுடுது.

— அந்தக் கைக்கு?

— அந்தக் கைக்கு... சில்லுங்குது. ஒரே முட்டைடி. என் ரெண்டு கைக்குள்ள இருக்கு. எப்படிடி இது?

— நம்ம தோல் சூட்ட அளக்காது அக்கா. தன்னை விட கூடவா குறைச்சலான்னு ஒப்பிட்டுத்தான் பாக்கும். சூடான கைக்கு முட்டை குளிர். குளிர்ந்த கைக்கு முட்டை சூடு. உன் மூஞ்சி பத்திக்கிட்டு எரியறப்ப முட்டைய இமையில வெக்கறே, சில்லுங்குது. திருகக் கூட்டறே. எரிச்சல் தாங்காம குளிர் ரூமுக்குப் போய்க் கண்ணுல முட்டைய ஒத்திக்கிட்டு வரே. வந்து அதே இமையில வெச்சா சுடுதுங்குது. குறைக்கறே. எந்த ஈட்டுக்கு எது அதிகமா நடந்துச்சோ, அந்த ஈடு அப்படி வந்திருக்கு.

— பெரியவளே? லைன்ல இருக்கியா? எனக்கு ஒண்ணும் புரியல, யாராவது சொல்லுங்கடி.

— அண்ணி, அந்தக் குஞ்சுங்கள நான்தான் கொன்னிருக்கேன்.

— அப்படிச் சொல்லாதே. உனக்குத் தெரியாம நடந்தது.

— தெரியாமத்தான். நெட்டை தெரிஞ்சு பண்றான்னு மட்டும் எனக்கு அவ்வளவு நல்லாத் தெரிஞ்சுது.

— அக்கா, உக்காரு. இந்தத் தண்ணியக் குடி.

— நான் எப்படி இத்தன நாளா... என் இமை பொய் சொல்லும்னு நான் எப்படிடி நெனப்பேன்? வீட்டுல என் பேச்ச யாரும் கேக்கறதில்ல, கண்ணாடியில என் மூஞ்சியே யாரோ மாதிரி இருக்கு, என்கிட்ட சரியா இருந்தது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அம்மா என்னை எதுக்கு வெச்சுக்குவாங்க? தரையக் கழுவவா?

— போகலடி பெரியவளே. மூஞ்சி சூடு அடங்கினதும் இமை பழையபடி ஆயிடும். வரும், போகும். வர்றத குறைக்கவும் வழி இருக்கு. அந்த ஏப்ரனுக்குள்ள தடியா எதையும் போடாதே, மெல்லிசு பருத்தியா ரெண்டு போடு, ஒண்ணக் கழட்டற மாதிரி. கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கறியே, அத ஆற வெச்சுக் குடி. தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும், கழுத்துக்கு ஈரத் துணி. ஒளிஞ்சுக்கறத விட்டுட்டு டாக்டர்கிட்ட வா, நானே கூட்டிட்டுப் போறேன். மருந்து இருக்கு. எல்லாருக்கும் ஒரே மருந்து இல்ல, உனக்கு எது ஒத்துக்கும்னு அவங்க பாத்துச் சொல்வாங்க. வேற ஏதாவது இருக்கான்னும் ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

— சொல்லுங்க. இனிமே யார்கிட்ட சொன்னா என்ன.

— வண்டிச் சத்தம் கேக்குது அக்கா. அம்மா வந்துட்டாங்க. ஜன்னல் வழியா பாரு, நெட்டை எழுந்து நிக்கறா.

— பைய மார்போட அணைச்சுக்கிட்டு நிக்கறாடி.

— நான் ஒண்ணு சொல்லவா? தெர்மோஸ்டாட்ல கோளாறு இருந்துச்சு, இப்ப சரி பண்ணிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன். பழிய நான் ஏத்துக்கறேன். அவளும் தப்பிப்பா, நீயும் தப்பிப்பே. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.

— சொல்லுவியா?

— உனக்காகச் சொல்றேன்.

— நாளைக்கு?

— நாளைக்கு என்ன?

— நாளைக்கு மறுபடி எனக்குப் பத்திக்கும். எனக்கு வந்திருக்கறது தெரியாம, முட்டை சில்லுங்குதுன்னு நான் திருகுவேன். அவ கோட்டுக்குக் கொண்டாந்தா மறுபடி சந்தேகப்படுவேன். இப்பவே சந்தேகம் முழுசா போகல, தெரியுமா? தப்பு என் மேலன்னு தெரிஞ்சும் அவ மேல எரிச்சலா வருது. என்ன மனசுடி இது. என்னை நானே நம்ப முடியல, அப்புறம் நீ சொல்ற பொய்ய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

— அப்போ என்னதான் பண்றது? இமையே வேண்டாம்னு விட்டுடலாமா? தெர்மாமீட்டர மட்டும் நம்பலாமான்னா, முட்டையோட சூடு அதுக்குத் தெரியாதுன்னு நீ சொல்றதும் சரிதான். எனக்கும் புரியல அக்கா. மிஷினா இருந்தா மாத்திடுவேன்.

— சின்னவளே, ஆஸ்பத்திரியில எனக்கு நாடித் துடிப்பு சந்தேகமா இருந்தா, பக்கத்துல இருக்கறவளக் கூப்பிட்டு அவளையும் பிடிச்சுப் பாக்கச் சொல்வேன். அதுல வெக்கப்பட என்ன இருக்கு?

— பக்கத்துல இருக்கறவளத்தான் நான் கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டேனே அண்ணி.

— அக்கா, கதவத் தட்டறாங்க.

— தொறடி. தொறந்துட்டு நெட்டையையும் உள்ள வரச் சொல்லு. அவ காதுல விழணும்... அம்மா, வாங்க. உக்காராதீங்க, கேட்டுட்டு உக்காருங்க. திருகத் திருப்பினது அவ இல்ல, நான். எனக்கு மாதவிடாய் நிக்கற காலம். மூஞ்சி எரியறப்ப முட்டை எனக்குச் சில்லுங்குது, குளிர் ரூம்ல நின்னுட்டு வந்தா சுடுதுங்குது. அவள அனுப்பாதீங்க. இனிமே மதியம் ரூம் கைமாறறப்ப ஒரே முட்டைய மொதல்ல அவ இமையில வெச்சுப் பாப்பா, அப்புறம் நான் பாப்பேன். ரெண்டு பேரும் ஒரே வார்த்த சொன்னாத்தான் திருகத் தொடுவோம், இல்லன்னா அது இருக்கற எடத்துலயே இருக்கும்.